முகத்துவாரத்து மணலைச் செயற்கைக்கோள் பார்க்கிறது, மீனவருக்கு யார் சொல்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது, மீனவர் மாயம் என்ற செய்தி உங்கள் நாளிதழில் வருடத்துக்கு எத்தனை முறை வருகிறது என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் அதே நான்கு வரிதான் வருகிறது: மணல் திட்டு, ராட்சத அலை, சக மீனவர்கள் மீட்டனர், தூர்வாரக் கோரிக்கை. செய்தி அதோடு நின்றுவிடுகிறது. அந்த மணல் திட்டு எப்போது வந்தது, போன மாதம் அங்கே எவ்வளவு ஆழம் இருந்தது, யாராவது அளந்தார்களா, அளந்திருந்தால் யாரிடம் சொன்னார்கள்? இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான கடிதம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மன்னார் வளைகுடாக் கரையில் மீனவர் வீட்டில் பிறந்தவள். இப்போது சென்னையில் கணினியில் வரைபடம் போடும் வேலை பார்க்கிறேன். அப்பாவும் சித்தப்பாவும் இன்னும் கடலுக்குப் போகிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலையில், மீனோடு திரும்பி வந்த சித்தப்பாவின் ஃபைபர் படகு துறைமுகத்துக்குள் நுழையும் இடத்தில் தரை தட்டி நின்றது, அதைத் தள்ளி எடுப்பதற்குள் பின்னால் வந்த அலை தூக்கிப் புரட்டிவிட்டது. படகில் இருந்த நாலு பேரும் உயிரோடு கரையேறினார்கள், அது பெரிய விஷயம். சித்தப்பாவுக்குக் கால் முறிந்தது, இன்ஜின் போனது, வலை போனது. எந்தத் துறைமுகம் என்று எழுதப்போவதில்லை, ஏனென்றால் ஊர்ப் பெயரை மாற்றினால் இதே கதை பல ஊருக்கும் பொருந்தும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் என்னை விடவில்லை. "போன வாரம் ஒன்றரைப் பாகம் இருந்துச்சு பாப்பா, இந்த வாரம் இல்ல." பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், ஏறக்குறைய ஆறடி. எங்கள் வீட்டில் ஆழத்தை இன்னும் அப்படித்தான் சொல்வார்கள்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல், வேலைக்குப் பழகிய கை என்பதால், அந்த இடத்தின் சென்டினல்-2 படங்களை இறக்கிப் பார்த்தேன். இது ஐரோப்பாவின் செயற்கைக்கோள். முதல் கோள் 2015-இலும் அதன் இணை 2017-இலும் ஏவப்பட்டன, இப்படி இரண்டு கோள்கள் சேர்ந்து ஒரே இடத்தை ஐந்து நாளுக்கு ஒரு முறை படம் பிடிக்கின்றன, படங்களை யார் வேண்டுமானாலும் பணம் கட்டாமல் எடுத்துக்கொள்ளலாம். படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். விபத்துக்கு முந்தைய மேகமில்லாத படங்களை நாள்வாரியாக அடுக்கிப் பார்த்தபோது, அலைத்தடுப்புச் சுவரின் தெற்கு முனையிலிருந்து வெளிர்பச்சையாக ஒரு நாக்கு நீண்டுகொண்டு வருவது தெரிந்தது. முதல் படத்தில் சந்தேகம்தான் வரும், அடுத்ததில் நிச்சயம், அதற்கு அடுத்ததில் அது படகு வரும் வழியையே பாதி மறித்துக்கொண்டு கிடந்தது. அந்தக் கடைசிப் படம் எடுக்கப்பட்டது விபத்துக்கு முன்னால். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி அது ஒரு கணினியில் இருந்திருக்கிறது, அந்த வழியே படகு ஓட்டிய மனிதருக்கு மட்டும் தெரியவில்லை.

நிறத்தை வைத்து ஆழத்தைச் சொல்வது புதிய வித்தை ஒன்றும் இல்லை. சின்ன வயதில் அப்பாவோடு தீவுப் பக்கம் போகும்போது அவர் தண்ணீரைப் பார்த்தே சொல்வார், இங்கே வெளுத்திருக்கு, இறங்கி நடக்கலாம், அங்கே பச்சை, ரெண்டு மூணு பாகம் இருக்கும், அதோ கறுத்துக் கிடக்கே, அதுக்கு அப்புறம் கயித்துல ஈயக் குண்டு கட்டிப் போட்டாத்தான் ஆழம் தெரியும் என்று. செயற்கைக்கோள் செய்வதும் அதேதான். சூரிய வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்கி, தரையில் பட்டு, திரும்பி மேலே வருகிறது. சிவப்பு நிறம் சில மீட்டரிலேயே தண்ணீரில் கரைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, மேல்மட்டத்தைத் தாண்டி இறங்குவதே இல்லை. பச்சை இன்னும் கீழே போகும், நீலம் எல்லாவற்றையும் விட ஆழமாகப் போகும். நீலமும் பச்சையும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை என்பதால், திரும்பி வரும் இரண்டின் விகிதத்தைக் கணக்குப் போட்டால் ஆழம் கூடக்கூட அந்த விகிதமும் சீராக மாறிக்கொண்டே போகும். ஏற்கெனவே ஆழம் தெரிந்த சில இடங்களோடு அதைப் பொருத்திவிட்டால், மற்ற இடங்களின் ஆழத்தையும் மீட்டரில் சொல்லிவிடலாம். லைசெங்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கான கணக்கின் அடிப்படையை 1978-இல் எழுதினார். நீலம், பச்சை விகித முறையை ஸ்டம்ப்ஃபும் அவரோடு வேலை செய்தவர்களும் 2003-இல் கொடுத்தார்கள். இன்று பெரும்பாலானவர்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்த முறையைத்தான்.

அதற்கும் முன்னால், 1975-இல், பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் ஜாக் குஸ்தோவும் நாசாவும் சேர்ந்து பஹாமாஸ் தீவுக் கடலில் ஒரு சோதனை செய்தார்கள். மேலே அமெரிக்காவின் லேண்ட்சாட் கோள் கடந்து போகும் நேரத்தில், கீழே குஸ்தோவின் கலிப்ஸோ கப்பலிலிருந்து ஆழமும் தண்ணீரின் தெளிவும் அளந்தார்கள். தெளிந்த கடலில் 22 மீட்டர் வரை மேலேயிருந்தே ஆழம் காண முடியும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அது நடந்து ஐம்பது வருடம் ஆகிறது. லேண்ட்சாட் படங்கள் 2008-இலிருந்து எல்லோருக்கும் இலவசம். அதாவது வழியும் இருந்தது, பொருளும் இருந்தது.

நம் ஊரிலும் செய்திருக்கிறார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இஸ்ரோவின் தேசிய தொலை உணர்வு மைய விஞ்ஞானிகள் 2024-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே உள்ள மணல்திட்டுத் தொடருக்கு, ராமர் பாலம், ஆதாம் பாலம் என்று நாம் சொல்லும் அந்த இடத்துக்கு, கடலடி வரைபடம் வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது நாசாவின் ஐஸ்சாட்-2 கோளின் தரவு. 2018-இல் ஏவப்பட்ட அந்தக் கோள் பனிப்பாறைகளின் உயரத்தை அளக்கப் போனது, ஆனால் அது பூமிக்கு அனுப்புவது பச்சை லேசர் என்பதால், தெளிந்த தண்ணீருக்குள்ளும் அந்த ஒளி புகுந்து தரையைத் தொட்டுத் திரும்புகிறது. அப்படித் திரும்பிய ஒளித்துகள்கள் சுமார் 2 லட்சத்தை ஐந்து வருடத் தரவிலிருந்து பொறுக்கி எடுத்து, 29 கிலோமீட்டர் நீளத்துக்குப் படம் வரைந்தார்கள். அந்தத் திட்டில் 99.98 சதவீதம் ஆழம் குறைந்த தண்ணீருக்குள்தான் கிடக்கிறது என்றும், குறுக்கே இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் 11 குறுகிய நீர்வழிகள் இருக்கின்றன என்றும் அதில் தெரிந்தது. தொலைக்காட்சிகள் எல்லாம் அன்று பாலம் யார் கட்டியது என்று விவாதம் நடத்தின. எனக்குத் தோன்றியது வேறு. யாரும் படகில் போய்க் குண்டு போடாமலேயே அந்த மணலுக்கு நடுவே நீர்வழி எங்கே என்று சொல்ல முடிகிறது என்றால், அதே கடலின் ஓரத்தில் உள்ள சின்னத் துறைமுகங்களின் வாசலை ஏன் சொல்ல முடியாது?

சரி, இதில் என்ன முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செயற்கைக்கோள் என்றாலே எல்லாம் தெரியும் என்று நினைப்பவர்களும், இதெல்லாம் விளையாட்டு என்று தள்ளிவிடுபவர்களும் சம அளவில் இருக்கிறார்கள். தண்ணீர் கலங்கியிருந்தால் ஒளி தரைக்குப் போகாது. துறைமுகத்தின் உள்ளே, படகுகள் நிற்கும் இடத்தில், இன்ஜின் விசிறி சேற்றைக் கிளறிக்கொண்டே இருக்கும், டீசல் மிதக்கும், சுவரின் நிழல் விழும். அங்கே இந்த முறை உதவாது, அங்கே படகில் எக்கோ சவுண்டரை, அதாவது ஒலி அனுப்பி ஆழம் பார்க்கும் கருவியை, வைத்து அளந்தே ஆக வேண்டும். வாடைக் காலத்தில் ஆற்றுத் தண்ணீர் செம்மண்ணோடு வந்து கடலில் விழும் வாரங்களில் படம் எடுத்துப் பயனில்லை. நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கம் ஆறு விழும் வாய்களில் வருடத்தில் பல மாதம் இதே நிலைதான். மேகம் இருந்தால் தண்ணீரே தெரியாது. அலையின் முகத்தில் சூரியன் பட்டு மின்னினால் அந்த மினுக்கத்தைத் தனியாகக் கழிக்க வேண்டும். கோள் நம் தலைக்கு மேல் காலை பத்தரை மணி வாக்கில் கடக்கிறது, அந்த நேரத்தில் கடல் ஏற்றமா வற்றமா என்று பார்த்து அதையும் கழிக்க வேண்டும். எங்கள் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரைத் தொட்டாலே அதிகம் என்றாலும், வாசலில் இருப்பதே மூன்று மீட்டர் ஆழம் என்றால் அந்த வித்தியாசம் சின்னதில்லை.

அப்புறம் துல்லியம். கடல் வரைபடங்களில் ஒவ்வொரு பகுதிக்கும் நம்பகத் தரம் போடுவார்கள், ஏ1, ஏ2, பி, சி என்று. ஏ1 என்றால் ஆழத்தில் அரை மீட்டரும் ஆழத்தின் ஒரு சதவீதமும் சேர்ந்த அளவுக்குள்தான் தவறு இருக்கலாம். சி என்றால் இரண்டு மீட்டரும் ஐந்து சதவீதமும் வரை போகலாம். செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுத்த ஆழங்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது இந்த சி தரம். இதைக் காட்டித்தான், மூணு மீட்டர்த் தண்ணீரில் ரெண்டு மீட்டர் தவறு வரும் கணக்கை வைத்துக்கொண்டு என்னம்மா செய்வது என்று என்னிடம் ஒரு பொறியாளர் கேட்டார். நியாயமான கேள்வி. கப்பலைக் கூட்டிவர இதை நம்ப முடியாது, நானும் நம்பச் சொல்லவில்லை. ஆனால் முகத்துவாரத்தில் நமக்கு முதலில் தெரிய வேண்டியது அங்கே சரியாக இரண்டு மீட்டர் எண்பது சென்டிமீட்டரா, மூன்று மீட்டரா என்பது அல்ல. போன வாரம் ஆழமாக இருந்த இடம் இந்த வாரம் வெளுத்துப்போயிருக்கிறதா, மணல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எவ்வளவு வேகமாக வருகிறது என்பது. ஒரே இடத்தை, ஒரே முறையில், ஐந்து நாளுக்கு ஒரு தடவை பார்க்கும்போது மாற்றம் தெரிந்துவிடும். தெரிந்தால் உடனே எக்கோ சவுண்டர் படகை அந்த இடத்துக்கு அனுப்பலாம். இப்போது நடப்பது என்ன? படகு கவிழ்கிறது, சாலை மறியல் நடக்கிறது, அதற்கு அப்புறம்தான் அளக்க ஆள் வருகிறது.

கணக்கைப் பொருத்துவதற்கு ஆழம் தெரிந்த இடங்கள் வேண்டும் என்று சொன்னேன் இல்லையா, அதில்தான் எனக்கு இந்த விஷயத்தின் மேல் பெரிய நம்பிக்கை வந்தது. ஐஸ்சாட்-2 கோடு போட்டதுபோல் குறிப்பிட்ட தடங்களில் மட்டும் போகும், அந்தத் தடம் நம் துறைமுக வாசல் மேல் விழும் என்று சொல்ல முடியாது. ஆனால் இன்று எத்தனையோ படகில் ஜிபிஎஸ்ஸும் எக்கோ சவுண்டரும் இருக்கின்றன. தினமும் போகவும் வரவும் அந்த வாசலைக் கடக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கருவி ஆழத்தைப் படித்துவிட்டு மறந்துவிடுகிறது. அதைக் கொஞ்சம் சேமித்து வைத்தால் போதும். கடல் வரைபடங்களுக்கு விதி வகுக்கும் சர்வதேச நீர்ப்பரப்பியல் நிறுவனமே இப்படிச் சாதாரணக் கப்பல்களும் படகுகளும் தரும் ஆழ அளவுகளைச் சேர்க்க வழிகாட்டி வெளியிட்டு, அவற்றை வாங்கி வைக்க ஒரு தரவு மையமும் நடத்துகிறது. உலகக் கடலடியில் நவீன முறையில் அளந்து முடிந்தது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்தான் என்னும்போது, அவர்களுக்கு ஒரு வள்ளக்காரரின் அளவும் வேண்டியிருக்கிறது. நமக்கு வேண்டாமா?

கால் சரியான பிறகு சித்தப்பா எனக்காக ஒரு மாசி மாதம் முழுக்க இதைச் செய்தார். வாசலைக் கடக்கும்போதெல்லாம் ஜிபிஎஸ் புள்ளியையும் ஆழத்தையும் நேரத்தையும் ஒரு நோட்டில் தம்பியை எழுத வைத்தார், ராத்திரி அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவான். அந்தப் புள்ளிகளை வைத்துப் படத்தைப் பொருத்தினேன். பொருத்தாமல் விட்டிருந்த மற்ற புள்ளிகளோடு ஒப்பிட்டபோது பெரும்பாலான இடங்களில் ஒரு முழத்துக்குள் சரியாக வந்தது. ஆனால் சில இடங்களில் ஆள் ஆழத்துக்கே தப்பாக இருந்தது, ஏன் என்று எனக்குப் புரியவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டினேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது ஆழம் இல்லைம்மா, இங்க தாழை கிடக்கு என்றார். கடல் தாழை, அதாவது கடலடியில் வளரும் புல், கறுப்பாக இருப்பதால் கணக்கு அதை ஆழம் என்று எடுத்துக்கொண்டது. இன்னொரு இடத்தில் இருந்தது பார், அதாவது கடலடிப் பாறை, அதன் மேல் பாசி. வெள்ளை மணல் மட்டும் உள்ள இடத்தில் ஒரு கணக்கு, தாழைக்கு ஒரு கணக்கு என்று பிரித்துப் போட்ட பிறகு தவறு நன்றாகக் குறைந்தது. எங்கே மணல், எங்கே சேறு, எங்கே தாழை, எங்கே பார் என்பது எங்கள் ஊரில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட யாரைக் கேட்டாலும் தெரியும். தோலாயிரம் பார் போல முத்துக் குளித்த காலத்திலிருந்து பெயரோடு நினைவில் நிற்கும் இடங்கள் எங்கள் கடலில் உண்டு. ஆய்வகத்தில் உட்கார்ந்து இந்தப் பகுப்பைச் செய்பவர்கள் ஒரு நாள் கரைக்கு வந்து கேட்டால், பல மாத வேலை மிச்சமாகும் என்று உறுதியாகச் சொல்வேன்.

தண்ணீர் கலங்கியிருக்கும் மாதங்களுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். அதற்கும் கொஞ்சம் வழி இருக்கிறது, அதுவும் மீனவருக்குத் தெரிந்த வழிதான். அலை எங்கே உடைகிறது என்று பார்ப்பது. ஆழம் குறையக் குறைய அலை நெருங்கி, உயர்ந்து, ஒரு கட்டத்தில் உடையும். ஒரு மீட்டர் உயர அலை ஏறக்குறைய 1.3 மீட்டர் ஆழத்தில் உடைகிறது. படத்தில் வெள்ளை நுரை திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் கோடு போட்டால் அங்கே திட்டு இருக்கிறது என்று அர்த்தம். உடைவதற்கு முன்பே, அலைக்கும் அலைக்கும் நடுவே உள்ள தூரம் எப்படிச் சுருங்குகிறது என்பதை அளந்தும் ஆழத்தைக் கணக்கிடலாம். இரண்டாம் உலகப் போரில் எதிரியின் கையில் இருந்த கடற்கரைகளில் படை இறக்குவதற்கு முன், விமானப் படங்களில் இந்த அலைநீளத்தை அளந்துதான் கரைச் சரிவைக் கண்டுபிடித்தார்கள். போருக்குச் செய்ததை, மீன் பிடித்துவிட்டு வீடு திரும்புபவர்களுக்காகவும் செய்யலாம். மேகம் மூடிய நாட்களில் சென்டினல்-1 போன்ற ரேடார் கோள்கள் மேகத்தைத் தாண்டிக் கடல் பரப்பைப் பார்க்கின்றன, பெரிய அலைகளின் வரிசை அதில் தெரியும். சின்னத் துறைமுகத்தின் குறுகிய வாசலுக்கு அது போதுமா என்றால், தனியாகப் போதாது. குமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில்தான் வாசல்கள் மோசமாகின்றன, அப்போதுதான் மேகமும் கலக்கமும் அதிகம். அதனால்தான் அதற்கு முந்தைய தெளிந்த மாதங்களில், தையிலிருந்து சித்திரை வரை, ஒழுங்காகப் படம் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். மணல் எங்கே குவிந்திருக்கிறது என்று மழைக்காலத்துக்கு முன்பே தெரிந்தால், மழைக்காலத்துக்கு முன்பே எடுக்கலாம்.

மணல் ஏன் வருகிறது என்பது பெரிய கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். கிழக்குக் கரையில் அலை மணலை வருடத்தில் பல மாதம் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகிறது, வாடைக் காலத்தில் கொஞ்சம் திருப்பித் தள்ளுகிறது, மொத்தத்தில் வடக்கே போவது அதிகம். குறுக்கே கல்லைப் போட்டுச் சுவர் கட்டினால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரை அரிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகம் வந்த பிறகு மெரினா அகலமானதும், ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததும் இப்படித்தான். தெற்கில் சேரும் மணல் ஒரு நாள் சுவரின் முனையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குள் வரும். பெரிய துறைமுகங்களுக்குத் தூர்வாரும் கப்பல் இருக்கிறது, அளவைப் பிரிவு இருக்கிறது, ஆழம் குறைந்தால் கப்பல் வராது, வருமானம் போய்விடும் என்பதால் விடாமல் அளக்கிறார்கள். மீன்பிடித் துறைமுகத்தில் ஆழம் குறைந்தால் போவது எங்கள் உயிர். தேங்காப்பட்டணத்தில் எத்தனை பேர் வாசலிலேயே போனார்கள் என்று உங்கள் பழைய இதழ்களே சொல்லும். எல்லைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மாவட்டத்து முதலப்பொழியில் 2025 ஏப்ரலில் வாசலே முழுசாக மணலால் மூடிக்கொண்டது. பழவேற்காட்டு முகத்துவாரம் அடைபடுவது பற்றி எழுதாத பத்திரிகை இல்லை.

இன்னொரு குறையும் மனதில் இருக்கிறது. ரிசோர்ஸ்சாட் வரிசையில் நம் நாட்டுக் கோள்களில் உள்ள லிஸ்-4 கேமரா 5.8 மீட்டர் அளவுக்கு நுணுக்கமாகப் பார்க்கக்கூடியது, சென்டினலை விடக் கூர்மை. ஆனால் அதில் பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு மட்டும்தான் இருக்கின்றன, நீலம் இல்லை. பயிரையும் காட்டையும் பார்க்கச் செய்த கேமரா அது, அதற்கு நீலம் அவசியப்படவில்லை. கடலுக்குள் ஆழமாக இறங்கும் நிறமே அதில் இல்லாததால், என்னைப் போன்றவர்கள் ஐரோப்பாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். கடலுக்கென்றே நாம் அனுப்பிய ஓஷன்சாட்டில் நிறங்கள் நிறைய உண்டு, ஆனால் அதன் ஒரு புள்ளி பல நூறு மீட்டர், ஒரு துறைமுகமே ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள நாடு, கரையோரத்துக்கென்று நீலமும் நுணுக்கமும் சேர்ந்த படத்தை எல்லோருக்கும் இலவசமாகத் தரும் கோள் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை.

ஆனால் கோள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, இருப்பதை வெளியே சொன்னாலே பாதி வேலை முடியும். நான் என் படங்களை எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் துறைமுகத்தில் தூர்வாருவதற்கு முன்னும் பின்னும் அளந்த ஆழ வரைபடத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், உட்கார வைத்தார்கள், ஆனால் அது அலுவலக ஆவணம், வெளியே தருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். மனு கொடுத்தேன், பதில் வரவில்லை. எங்கள் வாசலின் ஆழம் எங்களுக்கு ஏன் ரகசியம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தூர்வாரினோம் என்று பலகை வைக்கிறார்கள், எவ்வளவு ஆழம் வரை வாரினார்கள், அது எத்தனை வாரம் நின்றது என்று அந்தப் பலகையில் இல்லை. அந்த ஆழம் எத்தனை நாள் தாக்குப்பிடித்தது என்பதைத் தெளிந்த தண்ணீர் உள்ள இடங்களில் செயற்கைக்கோள் படமே காட்டிவிடும்.

தவறான படத்தை நம்பி ஒருவன் படகை விட்டு மோதினால் யார் பொறுப்பு என்று கேட்பவர்கள் உண்டு. மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனமான இன்காய்ஸ் கடல் வெப்பத்தையும் பாசியின் நிறத்தையும் கோள்களிலிருந்து பார்த்து, மீன் எங்கே கூடும் என்று பல வருடமாக மீனவர்களுக்குச் சொல்லி வருகிறது. சொன்ன இடத்தில் ஒவ்வொரு நாளும் மீன் கிடைக்கிறதா? இல்லை. மீனவர் அதை ஒரு தகவலாக எடுத்துக்கொண்டு, தன் அனுபவத்தோடு சேர்த்து முடிவு செய்கிறார். அலை உயர எச்சரிக்கையும் அப்படித்தான் வருகிறது. முகத்துவாரப் படத்திலும், எடுத்த தேதி என்ன, அதற்கு எவ்வளவு தவறு வரலாம், இது கப்பல் செலுத்தும் வரைபடம் அல்ல என்று தமிழில் பெரிதாகப் போட்டுக் கொடுங்கள். எங்கள் ஆட்களுக்குப் புரியும். எதுவுமே சொல்லாமல் இருப்பதை விட அது எவ்வளவோ மேல், சொல்லாமல் இருந்ததற்கும் யாரும் இதுவரை பொறுப்பு ஏற்கவில்லையே.

உங்கள் நாளிதழ் மூலம் மீன்வளத் துறையிடமும், சென்னையிலேயே கடல் தொழில்நுட்பத்துக்கும் கடற்கரை ஆய்வுக்கும் இருக்கும் மத்திய அரசு நிறுவனங்களிடமும் நான் கேட்பது இதுதான். தெளிந்த தண்ணீர் உள்ள மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையின் தெற்கிலும் ஐந்தாறு துறைமுக வாசல்களை எடுத்துக்கொண்டு, அடுத்த தை முதல் சித்திரை வரை, மேகமில்லாத ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஆழப்படம் போட்டு, ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டுங்கள், மீனவர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புங்கள். ஆழத்தைப் பாகத்திலும் போடுங்கள். ஒவ்வொரு துறைமுகத்திலும் நாலைந்து படகுகளின் எக்கோ சவுண்டர் அளவுகளை வாங்கிக்கொள்ளுங்கள், அந்தப் படகுக்காரர்களுக்கு டீசலுக்காவது ஒரு தொகை கொடுங்கள், ஏனென்றால் அதுவும் வேலைதான். தூர்வாரும் ஒப்பந்தத்தில், முன்னும் பின்னும் அளந்த வரைபடத்தைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். கலங்கிய வாசல்களுக்கு, தேங்காப்பட்டணம் போன்ற இடங்களுக்கு, மழைக்காலம் முடியும்வரை வாரம் ஒரு முறையாவது படகில் அளந்து சொல்லுங்கள், அங்கே வானத்தை நம்பிப் பயனில்லை.

சித்தப்பா எழுதிக் கொடுத்த அந்த ஒரு மாதப் புள்ளிகள், தேதியும் நேரமும் ஆழமுமாக, என்னிடம் இருக்கின்றன. இதைச் செய்ய முன்வரும் எந்த அலுவலகத்துக்கும், எந்தக் கல்லூரிக்கும் அவற்றை அப்படியே தருகிறேன், கடிதம் அனுப்பியவள் முகவரி உங்களிடம் இருக்கிறது, கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம். நோட்டு இன்னும் நிரம்பவில்லை, வரும் மாசியில் மறுபடியும் எழுதுவதாகச் சித்தப்பா சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
மன்னார் வளைகுடாக் கரையைச் சேர்ந்த உங்கள் வாசகி,
சென்னை